வெள்ளைப் பொட்டு எங்கிருந்து வந்தது?

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழா நாட்களில் ஊரே கையில் போனோடு நிற்கும். பூக்குழி, தீச்சட்டி, சாமி புறப்பாடு, சீரியல் விளக்கு கட்டிய தெரு என்று எதையும் விடாமல் எடுப்பார்கள். மறுநாள் காலை அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, எடுத்த நேரத்தில் யார் கண்ணிலும் படாத ஒன்று சிலவற்றில் இருக்கும். கூட்டத்தின் தலைக்கு மேலே, வெளிர் வெள்ளையாக, ஏறக்குறைய வட்டமாக, உள்ளே மெல்லிய வளையங்களோடு சில பொட்டுகள் மிதக்கும். அம்மன் காட்சி கொடுத்தாள் என்று அதைக் குடும்பக் குழுவில் பகிர்வார்கள். அதே பொட்டு புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டுக் கூடத்தில் எடுத்த படத்தில் விழுந்துவிட்டால் பேச்சு வேறு திசையில் போகும். அந்த வீட்டில் முன்பு யார் இறந்தார்கள் என்று விசாரணை தொடங்கும். பரிகாரத்துக்கு ஆள் வருவார், செலவு வரும், சில வீடுகளில் புதிதாக வந்த மருமகள்மீது பழியும் வரும்.

இந்தப் பொட்டுகளுக்கு இரண்டு பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, “ஏதோ சக்தி இருக்குப்பா.” இன்னொன்று, “சும்மா தூசிதான், அழிச்சு விடு.” இரண்டுமே பெரும்பாலும் படத்தைச் சரியாகப் பார்க்காமல் சொல்லப்படுகின்றன. படத்தில் வெளிச்சப் பொட்டு விழப் பல காரணங்கள் உண்டு. லென்ஸுக்கு முன்னால் காற்றில் மிதப்பது ஒரு வகை, லென்ஸுக்கு உள்ளேயே பிறப்பது ஒரு வகை, சென்சாரின் கோளாறு இன்னொரு வகை. எதிரே உண்மையாகவே இருக்கும் ஒரு பொருள் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. பெரும்பாலானவை லென்ஸைத் துடைப்பதோடு முடிந்துவிடும். ஒன்று மட்டும் ஒரு குழந்தையின் பார்வையோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது. அதனால்தான் “அழிச்சு விடு” என்ற பதிலையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பொட்டு என்பது டிஜிட்டல் காலத்தில் புதிதாக வந்ததும் இல்லை. பிலிம் காலத்தில் நெகட்டிவ்மீது ஒட்டிய தூசி என்லார்ஜரில் ஒளியைத் தடுக்கும். தடுக்கப்பட்ட இடம் பிரிண்டில் வெள்ளையாக நிற்கும். மெல்லிய தூரிகையில் சாயம் தொட்டு அந்த வெள்ளையை மறைப்பது ஸ்டூடியோக்களில் அன்றாட வேலை, டச்சிங் என்பார்கள். படத்தில் ஆவி தெரிகிறது என்ற வியாபாரமும் பழையதுதான். அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் 1860-களில், இறந்துபோன உறவினரின் மங்கலான உருவம் பின்னால் நிற்பதுபோலப் படமெடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. சர்க்கஸ் புகழ் பி.டி. பர்னம் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். குற்றத்தை நிரூபிக்க ஆதாரம் போதாமல் மம்லர் விடுவிக்கப்பட்டார். அவருடைய படங்களில் இருந்தவை முழு உருவங்கள். வட்டப் பொட்டுகள் பெருகியது அதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-களின் பிற்பாதியில் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் கடைக்கு வந்தபோது.

அந்தக் கேமராக்களின் அமைப்பே அதற்குக் காரணம். கையடக்கமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஃப்ளாஷை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் வைத்தார்கள். சென்சார் சிறியதானதால் லென்ஸின் குவியத் தொலைவும் சில மில்லிமீட்டர்களாகக் குறைந்தது. ஃப்ளாஷ் அடித்ததும் லென்ஸுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் மிதக்கும் ஒரு தூசித் துகள்மீது வெளிச்சம் விழுகிறது. படமெடுக்கப்படும் ஆள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால், துகள் அவரைவிட இருபது மடங்கு அருகில் இருக்கிறது. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிராகக் குறையும் என்பதால் துகள்மீது விழும் வெளிச்சம் நானூறு மடங்கு அதிகம். ஃப்ளாஷும் லென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், துகள் பின்னோக்கிச் சிதறடிக்கும் ஒளி நேராக லென்ஸுக்குள் வந்துவிடுகிறது. எதிரே மூடுபனி இருக்கும்போது சிறுமலை மலைப்பாதையில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: ரோடு மறைந்து வெள்ளைத் திரைதான் கண்முன் நிற்கும்.

ஃபோகஸ் இரண்டு மீட்டரில் இருப்பதால் அந்தத் துகள் துகளாகப் பதிவதில்லை. விரிந்து ஒரு தட்டையான வட்டமாகப் பதிகிறது. வட்டத்தின் அளவைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். குவியத் தொலைவு 6 மில்லிமீட்டர், துளை எஃப் 2.8 என்றால், ஒளி நுழையும் வாயின் அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் தூரத்துத் துகள் படத்தின் அகலத்தில் சுமார் 2 சதவீதம் விரியும். 4000 பிக்சல் அகலப் படத்தில் அது 80 பிக்சல். ஐந்து சென்டிமீட்டரில் இருந்தால் 160. திருவிழாப் படங்களில் நாம் பார்க்கும் பொட்டுகளின் அளவு இதுவேதான். வட்டத்தின் வடிவம் துளையின் வடிவம். தூசியின் வடிவம் இல்லை. அதனால்தான் மாவுத் தூசி, பஞ்சு, மழைத்துளி எதுவானாலும் பொட்டு ஒரே மாதிரி இருக்கிறது. படத்தின் ஓரத்தில் வட்டம் ஒருபக்கம் நறுக்கியதுபோல் இருந்தால், லென்ஸ் குழலின் விளிம்பு ஒளியை மறைத்திருக்கிறது. உள்ளே தெரியும் வளையங்கள் ஒளி வளைவதால் வருபவை. லென்ஸை வார்த்த அச்சின் நுண்ணிய தடங்களாகவும் இருக்கலாம். அந்த வளையங்களில் முகம் தெரிகிறது என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அரைகுறைக் கோடுகளில் கண்ணும் வாயும் தேடுவது மனித மூளையின் இயல்பு. போன்களின் ஷார்ப்னிங் மென்பொருள் அந்தக் கோடுகளை இன்னும் அழுத்தி அதற்கு உதவுகிறது.

பெரிய எஸ்எல்ஆர் கேமராவில் இது குறைவு. ஃப்ளாஷ் லென்ஸுக்கு நன்றாக மேலே இருப்பதால், லென்ஸ் வாய்க்கு அருகில் மிதக்கும் தூசிமேல் வெளிச்சம் அவ்வளவாக விழாது. விழுந்தாலும் அகலமான துளையில் வட்டம் பெரிதாக விரிந்து மங்கிப்போகும். கல்யாண வீட்டில் ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் சுத்தமாக இருக்க, அவர் பக்கத்திலேயே நின்று சித்தப்பா போனில் எடுத்த படத்தில் மாலைக்கு மேல் மூன்று பொட்டு விழுவது இதனால்தான். இன்றைய போன்களில் இருக்கும் எல்இடி ஃப்ளாஷ் பழைய செனான் ஃப்ளாஷைப் போல ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுவதில்லை. கொஞ்சம் நீடித்து எரிகிறது. அதற்குள் துகள் நகர்ந்துவிடுவதால் பொட்டுக்கு வால் முளைக்கும். “பறந்து போகுது பாருங்க” என்று காட்டப்படும் படங்களில் பல இந்த ரகம்.

நம் ஊர்ச் சமவெளிக்குத் தூசியில் குறைவே கிடையாது. செம்மண் பூமி. ஆடிக் காற்று புழுதியை எழுப்பிக்கொண்டே இருக்கும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் பஞ்சு இழை காற்றிலேயே மிதக்கிறது. கோயில் என்றால் சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, பறக்கும் விபூதி, கூட்டத்தின் காலடிப் புழுதி எல்லாம் சேரும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தூறலும் ஈசலும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். திருவிழாவில்தான் பொட்டு விழுகிறது, சாதாரண நாளில் விழவில்லை என்பதை ஒரு சான்றாகச் சொல்கிறவர்கள், திருவிழாவில்தான் இவ்வளவு புகையும் புழுதியும் ஃப்ளாஷும் ஒரே இடத்தில் சேர்கின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் ஒரு அறையின் விளக்கை அணைத்துவிட்டு, பழைய போர்வை ஒன்றை நன்றாக உதறுங்கள். சில விநாடிகள் கழித்து, ஃப்ளாஷ் போட்டு எதிர்ச் சுவரைப் படமெடுங்கள். சுவர் முழுக்கப் பொட்டுகள் இருக்கும். ஓரிரு நிமிடம் பொறுத்து எடுத்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும். மறுபடி உதறுங்கள். இந்தத் தடவை ஃப்ளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவர் கையில் வேறொரு போனின் டார்ச்சைக் கொடுத்து, இரண்டு கை தூரம் பக்கவாட்டில் நின்று சுவர்மேல் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அறையில் தூசி அப்படியேதான் இருக்கிறது. பொட்டுகள் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். லென்ஸுக்கு அருகிலுள்ள துகள்மேல் இப்போது வெளிச்சம் விழவில்லை. நான் இதைப் பள்ளிப் பிள்ளைகளோடு செய்துபார்த்தபோது, மூன்றாவது படத்துக்குப் பிறகு போனை என் கையிலிருந்து அவர்களே வாங்கிக்கொண்டார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ‘மந்திரமா தந்திரமா’ நிகழ்ச்சிகளில் மேடையிலேயே செய்துகாட்டி விளக்குகிறார்களே, அந்த வழிமுறைக்கு இந்தப் போர்வைச் சோதனை நன்றாகப் பொருந்தும்.

எல்லாப் பொட்டும் தூசி என்பதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. கிளாஸ் ஹைனமன் என்ற இயற்பியலாளரும் மிஹால் லெட்வித் என்ற முன்னாள் பாதிரியாரும் சேர்ந்து 2007-இல் எழுதிய புத்தகம், சில பொட்டுகள் ஆன்மிக இருப்பின் வெளிப்பாடு என்று வாதிட்டது. அதற்கு முன்பே, 2005-இல், அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஷ்வார்ட்ஸும் ஒளியியல் நிபுணர் கேத்தரின் கிரீத்தும் இந்தப் படங்களை ஆராய்ந்து, வழக்கமான ஒளியியலே இவற்றை விளக்கப் போதும் என்று எழுதியிருந்தார்கள். இறப்புக்குப் பின் வாழ்வு உண்டா என்பதைத் தீவிரமாக ஆராய்கிறவர் ஷ்வார்ட்ஸ். விருப்பம் ஒருபக்கம் இழுத்தாலும் படம் சொன்னதை அவர் எழுதினார் என்பதால் அந்தக் கட்டுரைமேல் எனக்கு மரியாதை.

வாதத்தைத் தீர்க்க இன்னும் நேரான வழி, இரண்டு கண்களால் பார்ப்பது. ஃபியூஜிஃபில்ம் 2009-இல் இரண்டு லென்ஸ் கொண்ட முப்பரிமாணக் கேமரா ஒன்றை விற்பனைக்கு விட்டது. ஒரே பொத்தானில் இரண்டு படம் விழும். பிரிட்டனில் ஸ்டீவ் பார்சன்ஸ் என்ற ஆய்வாளர் அதைக்கொண்டு பொட்டுகளைத் தேடிப் படமெடுத்தார். பொட்டு மூன்று மீட்டர் தள்ளி அந்த அறையிலேயே இருக்கும் பொருள் என்றால், இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரிய வேண்டும். லென்ஸ் முன்னால் மிதக்கும் துகள் என்றால், ஒன்றில் மட்டும் தெரியும், அல்லது இரண்டிலும் சம்பந்தமில்லாத இடங்களில் தெரியும். அவருக்குக் கிடைத்தது பின்னது. நாமும் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டி, ஒன்றின் டார்ச்சை எரியவிட்டு, இரண்டிலும் வீடியோ எடுத்துப் பார்க்கலாம்.

தூசியைப் பற்றி இவ்வளவு பேசியதால் எல்லாமே தூசி என்று ஆகிவிடக் கூடாது. தைப்பூசத்துக்கு முன்னால் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்துபோகிறவர்களை இரவில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படங்களைப் பாருங்கள். முதுகிலும் பையிலும் பளீரென்று வெள்ளைப் பட்டைகள் எரியும். எடுத்தவர் கண்ணுக்கு அப்போது அவை மங்கலாகவே இருந்திருக்கும். விபத்தைத் தடுக்க ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் ஸ்டிக்கரில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ நுண்பட்டகங்களோ பதிந்திருக்கின்றன. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கே அவை திருப்பி அனுப்பும். லாரிக்காரர் கண் அவருடைய ஹெட்லைட்டுக்கு அருகில் இருப்பதால் அவருக்குத் தெரிகிறது. லென்ஸ் ஃப்ளாஷுக்கு அருகில் இருப்பதால் போனுக்குத் தெரிகிறது. தொழுவத்தில் மாட்டின் கண் பச்சையாகவோ நீலமாகவோ எரிவதும் இதே வகைதான்; விழித்திரைக்குப் பின்னால் மாட்டுக்கு ஒரு பிரதிபலிப்புப் படலம் இருக்கிறது. இந்தப் பொட்டுகளின் அடையாளம், கோணத்தை மாற்றி எடுத்தாலும் அந்தப் பொருளோடு ஒட்டியே இருப்பது.

லென்ஸுக்குள் பிறக்கும் பொட்டுகளுக்கு ஃப்ளாஷே வேண்டியதில்லை. ஒரு பலமான விளக்கு சட்டகத்துக்குள் இருந்தால் போதும். பேருந்து நிலையத்தின் உயர்கோபுர விளக்குகளையும் பின்னால் மலைக்கோட்டையின் இருண்ட பாறையையும் சேர்த்து இரவில் போனில் எடுத்தால், பாறைமேலோ வானத்திலோ பச்சையாகச் சில புள்ளிகள் மிதக்கும். சென்சார்மேல் விழுந்த ஒளியில் ஒரு சிறு பகுதி திரும்பிப்போய், லென்ஸ் வில்லைகளிலோ முன்கண்ணாடியிலோ மோதி, மறுபடி சென்சாருக்கு வருகிறது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு அதை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். இரண்டு மோதலுக்குப் பிறகு மிஞ்சுவது நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் விளக்கு அவ்வளவு பிரகாசம், இரவு வானம் அவ்வளவு இருட்டு. அந்தப் பங்கே தெரிந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. விளக்கிலிருந்து படத்தின் நடுமையம் வழியாக ஒரு கோடு இழுங்கள். மையத்தைத் தாண்டி அதே தூரத்தில் பொட்டு நின்றால், அது அந்த விளக்கின் தலைகீழ்ப் பிம்பம். கோபுரத்தில் ஆறு விளக்கு என்றால் பொட்டும் ஆறாக, தலைகீழாக இருக்கும். போனை மெல்ல அசைத்தால் விளக்கு ஒரு பக்கம் போக, பொட்டு எதிர்ப்பக்கம் ஓடும். விளக்கைக் கையால் மறைத்தால் மறையும். கோயில் கோபுரத்துச் சீரியல் விளக்குகளைத் தெருவோடு சேர்த்து எடுத்து, “வானத்தில் ஒளிக்கூட்டம்” என்று பரப்பப்படும் படங்களில் இந்தக் கோட்டை இழுத்துப் பார்த்தாலே போதும்.

விளக்கைச் சுற்றி நீளக் கீற்றுகள் விழுந்தால் லென்ஸ்மேல் விரல் ரேகை எண்ணெய் இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். எண்ணெய்க் கையோடு போனை எடுத்துப் பையில் போடும் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் விளக்கைச் சுற்றி மங்கிய ஒளிவட்டம் வரும். கொடைக்கானல் ஈரத்தில் வைத்த கேமராவுக்கு இந்த ஆபத்து அதிகம், கீழே சமவெளியில் குறைவு.

அடுத்தது சென்சார். இங்கே பொட்டு ஒரே ஒரு பிக்சல். சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை எதுவாகவும் இருக்கும். நிறத்தைக் கணக்கிடும்போதும் ஜேபெக்காகச் சுருக்கும்போதும் பக்கத்துப் பிக்சல்களிலும் கசிந்து சின்னச் சிலுவைபோல ஆகும். அடையாளம், எந்தப் படம் எடுத்தாலும் சட்டகத்தில் அதே இடத்தில் நிற்பது. வெளிச்சமே விழாவிட்டாலும் வெப்பத்தால் சென்சாரில் மின்னோட்டம் கசியும். வெப்பநிலை ஆறு முதல் எட்டு டிகிரி கூடினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 25 டிகிரி அறையில் சுத்தமாக இருந்த கேமரா, 40 டிகிரியைத் தொடும் சித்திரை மாதத்தில் நான்கு மடங்கு கசிகிறது. அந்த வெப்பத்தில் நட்சத்திரங்களை 30 விநாடி திறந்து எடுத்தால், எது நட்சத்திரம், எது பிக்சல் என்றே தெரியாது. லென்ஸை மூடிவிட்டு அதே 30 விநாடி ஒரு கறுப்புப் படம் எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே இடத்தில் தெரிவது நட்சத்திரம் ஆக முடியாது. கேமராவின் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்’ இதையேதான் தானாகச் செய்கிறது. அதனால்தான் 30 விநாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. அண்டக் கதிர்கள் மோதியும் பிக்சல்கள் கெடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வைத்திருக்கும் கேமராக்களில் இந்தச் சேதம் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறது. தரையில் இருக்கும் நமக்கு அதைவிடப் பக்கத்து ஆபத்து லேசர். ஆடல் பாடல் மேடையிலும் ரிசப்ஷனிலும் சுழலும் லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சார் நிரந்தரமாக வெந்துபோகலாம். நிறக்கோடும் புள்ளியும் அதன்பிறகு எல்லாப் படத்திலும் வரும். லேசர் சுற்றத் தொடங்கினால் கேமராவைக் கீழே திருப்பிவிடுவதுதான் வழி.

சிசிடிவி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று ‘பேய் வீடியோ’ என்று பரவுவதில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. இரவில் பார்ப்பதற்காக லென்ஸைச் சுற்றியே அகச்சிவப்பு எல்இடிகளை வளையமாக வைக்கிறார்கள். தூசிக்கும் பூச்சிக்கும் இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. அந்த வெதுவெதுப்புக்குச் சிலந்தி வந்து கண்ணாடிமேலேயே வலை பின்னும். காற்றில் வலை ஆடினால் வெள்ளை நூல் உருவம் திரையில் நெளியும். விட்டில்பூச்சி குறுக்கே பறந்தால் ஒளிக்கோடு ஓடும். கடைக்காரர் வாரத்துக்கு ஒருமுறை ஒட்டடைக்கோலால் கேமராவைத் துடைத்தால் பாதித் தொல்லை போய்விடும். அகச்சிவப்பு விளக்கைக் கேமராவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தனியாக வைத்தால் மீதியும் குறையும்.

இத்தனை வகையிலும் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது ஒன்றைத்தான்: உடனே இரண்டாவது படம் எடுங்கள். இந்த வழக்கத்துக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1899-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். கண்ணாடித் தட்டில் விழுந்த ஒரு புள்ளி, மருந்துப் பூச்சின் குறையா, தூசியா, சூரியனில் இருப்பதா? மறுநாள் தட்டு சொல்லிவிடும். உண்மையான கரும்புள்ளி சூரியனின் சுழற்சியோடு நாளுக்கு நாள் நகர்ந்து, இரண்டு வாரத்துக்குள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போய்விடும். தட்டின் குறை அந்த ஒரு தட்டோடு நின்றுவிடும். நம் படங்களுக்கும் இதையே செய்யலாம். அதே இடத்தில், ஃப்ளாஷோடு ஒன்று, ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்று, போனை லேசாகத் திருப்பி ஒன்று எடுத்துவிட்டால், இதுவரை சொன்னவற்றில் எது என்று அநேகமாகத் தெரிந்துவிடும்.

மூலப் படத்தையும் காப்பாற்ற வேண்டும். எடுத்த நேரம், ஷட்டர் வேகம், ஃப்ளாஷ் எரிந்ததா இல்லையா என்பதெல்லாம் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். “ஃப்ளாஷே போடலைண்ணே” என்று சத்தியம் செய்கிறவர்கள் பலர், அது தானாக எரிந்ததைக் கவனிக்காதவர்கள். கோப்பு அதைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி இந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். பொட்டை அழிக்கும் செயலிகளை அதற்குப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூலப் படத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஃப்ளாஷ் படத்தில் மனிதர்களின் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்த நாளங்களில் பட்டு ஒளி திரும்புகிறது. சின்னக் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும், இன்னொரு கண் வெள்ளையாகவோ மஞ்சள் கலந்த வெள்ளையாகவோ பூனைக்கண்போல் எரிந்தால், அதை அழித்துவிட்டுப் போகக் கூடாது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சுமார் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்று வரும் இந்த நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தாக்குகிறது. பிறப்பு எண்ணிக்கை அதிகம் என்பதால் உலகிலேயே மிக அதிகமான நோயாளிக் குழந்தைகள் இருக்கும் நாடு இந்தியா. சீக்கிரம் கண்டால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதமானால் புற்று கண்ணைத் தாண்டிவிடும்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷாவின் மகனுக்கு, பிறந்த நான்காம் மாதத்தில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அவர் வீட்டுப் படங்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தார். குழந்தைக்குப் பன்னிரண்டு நாள் ஆனபோது எடுத்த படத்திலேயே அந்த வெள்ளை ஒளி இருந்தது. அதன்பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட ஒளியைத் தேடும் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்கினார்கள். கண்நோய் உள்ள குழந்தைகளின் பழைய குடும்பப் படங்களை அதில் கொடுத்துச் சோதித்தபோது, ஐந்தில் நான்கு குழந்தைகளின் படங்களில், மருத்துவர் கண்டுபிடித்ததற்குச் சராசரியாக 1.3 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஒளியைச் செயலி அடையாளம் காட்டியது என்று 2019-இல் வெளியிட்டார்கள். அந்தப் பொட்டுகள் எல்லாம் ஆல்பத்தில் கிடந்தவை. பெற்றோர் பார்த்தவை, அழகாக விழவில்லை என்று தள்ளி வைத்தவை.

வெள்ளையாகத் தெரிந்தாலே நோய் என்று பயப்படவும் வேண்டாம். கண் மூக்குப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது ஃப்ளாஷ் பார்வை நரம்பின் தலைப்பகுதியில் பட்டு, ஆரோக்கியமான கண்ணும் வெள்ளையாகத் தெரியும். அதனால் ‘ரெட் ஐ ரிடக்ஷன்’ வசதியை அணைத்துவிட்டு, மங்கிய அறையில், குழந்தை நேராக லென்ஸைப் பார்க்கும்படியும் பக்கங்களைப் பார்க்கும்படியும் ஃப்ளாஷோடு சில படம் எடுங்கள். அதே கண்ணில் மறுபடி வெள்ளை தெரிந்தாலும், மாறுகண் போலத் தோன்றினாலும், படத்தில் சந்தேகம் தீரவே இல்லை என்றாலும், கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை திண்டுக்கல்லிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர்தான். அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்ப்பார்கள். முதலில் வெள்ளை தெரிந்த மூலப் படத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டு போங்கள். நோய் என்று உறுதியானால் தம்பி தங்கைகளையும் காட்டச் சொல்வார்கள். சில குடும்பங்களில் இது மரபணு வழியாக வருவதால், கைக்குழந்தையாக இருந்தாலும் அதைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும்.